ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் அமைந்த ஹோஷங்காபாத் மாவட்டத்தின் (இன்றைய நர்மதாபுரம்) நடுநிலைப் பள்ளிகளில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, தங்களுக்குள் வாதாடி அறிவியல் கற்றார்கள். சோதனை செய்து கற்பது நல்லது என்று அதற்கு முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண அரசுப் பள்ளியில், சாதாரண அரசு ஆசிரியரைக் கொண்டு, அரசின் தேர்வு முறையையும் மாற்றி முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியதே இத்திட்டத்தின் பெருமை.

தொடக்கம் இரண்டு தன்னார்வ அமைப்புகளிடமிருந்து வந்தது. ஹோஷங்காபாத் நகரை ஒட்டிய ரசூலியாவில் குவேக்கர் கிறித்தவர்கள் நிறுவிய நட்பு ஊரக மையம் ஒன்று. பன்கேடி வட்டாரத்தில் இயங்கிய கிஷோர் பாரதி மற்றொன்று. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர்; அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். அதே காலத்தில் அகில இந்திய அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் இயற்பியல் குழு, டாடா நிறுவன விஞ்ஞானிகளோடு சேர்ந்து மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனை வழிப் பாடங்களை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. நகரத்தில் முடிவது கிராமத்தில் முடியாதா என்ற கேள்வியோடு இரு தன்னார்வ அமைப்புகளும் மாநில அரசிடம் அனுமதி கேட்டன. 16 பள்ளிகளில் பாடநூலையும் பாடத்திட்டத்தையும் மாற்றிக்கொள்ள 1972-ல் அனுமதி கிடைத்தது. அரசு தன் பள்ளிகளை இப்படி வெளியாரிடம் திறந்துவிட்டது அன்று மட்டுமல்ல, இன்று நினைத்தாலும் அரிய செயல்.

விரைவிலேயே தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா நிறுவனத்திலிருந்தும் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் வரத் தொடங்கினார்கள். கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி முகாம் நடக்கும். பேராசிரியர்களும் கிராமத்து வாத்தியார்களும் ஒரே தரையில் உட்கார்ந்து அதே சோதனைகளைச் செய்வார்கள். வாத்தியார் கேட்கும் கேள்விக்குப் பேராசிரியரிடம் பதில் இல்லாமல் போவதும் உண்டு. அந்த விவாதங்களிலிருந்துதான் பாடங்கள் எழுதப்பட்டன. வகுப்பில் நடத்திப் பார்த்தபின் திரும்பவும் எழுதப்பட்டன. ‘பால வைக்ஞானிக்’ என்ற அந்தப் பயிற்சி நூல் 1978-ல் அச்சாகத் தொடங்கியது. அதில் விடைகள் இல்லை. என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்புகளும் கேள்விகளுமே இருந்தன. விடையைப் பிள்ளை தன் நோட்டில் எழுத வேண்டும்.

வகுப்பு நான்கு நான்கு பேராகக் குழு பிரியும். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசே ஒரு சோதனைப் பெட்டியை வழங்கியது. கண்ணாடிக் குழாய், காந்தம், உருப்பெருக்கி என்று கடையில் வாங்கியே தீர வேண்டியவை அதில் இருந்தன, மற்றதெல்லாம் ஊரிலிருந்து. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமென்றால் வேலியில் கருவேல முள் இருந்தது. தொலைந்தாலும் உடைந்தாலும் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. கருவி உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டி வைக்கும் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு, அந்த முள்ளின் அருமை புரியும்.

அளத்தல் பாடம் இதன் போக்குக்கு நல்ல சான்று. ஒரே மேசையின் நீளத்தை எல்லாரும் தனித்தனியே அளந்து கரும்பலகையில் எழுதுவார்கள். எண்கள் ஒன்றுபோல இருக்காது. யார் சொன்னது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. அளவுகோலின் முனை தேய்ந்திருக்கிறதா, கண்ணைச் சாய்த்துப் பார்த்தோமா, எடுத்து எடுத்து வைக்கும்போது நகர்ந்ததா என்று வகுப்பே தேடும். அளவீடு என்றாலே சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும், அது யாருடைய குற்றமும் அல்ல என்பது பதினொரு வயதில் புரிந்துவிடுகிறது. கல்லூரி ஆய்வகத்திலும் ‘சரியான’ அளவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ள நாட்டில் இது சிறிய காரியம் அல்ல. நிகழ்தகவுக்கும் ஒரு பாடம் இருந்தது: நாணயத்தைச் சுண்டிச் சுண்டித் தலை, பூ எண்ணிக்கையைக் குழுக் குழுவாகக் குறித்து, கடைசியில் வகுப்பு முழுவதன் கணக்கையும் கூட்டுவார்கள். ஒரு குழுவில் தாறுமாறாக நின்ற எண்கள், கூட்டக் கூட்டப் பாதிக்கு நெருங்கிவருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

1978-ல் டாடா மோட்டார் தொழிற்சாலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர் அரவிந்த் குப்தா, வாரச் சந்தையில் கிடைக்கும் பொருள்களை வைத்தே கருவி செய்யத் தொடங்கினார். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகினால் மூட்டுகள் கிடைக்கும். நான்கு குச்சியில் சதுரம் செய்து விரலால் அழுத்தினால் சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும், ஐங்கோணமும் நிற்காது. மூன்று குச்சி முக்கோணம் மட்டும் அசையாது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதை அதன்பின் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்பப் புத்தகத்திலேயே ஒரு முகவரி அச்சிட்டிருந்தது. பெறுபவர் பெயர் சவாலிராம். அப்படி ஒருவர் கிடையாது, கற்பனைப் பாத்திரம். ஆனால் கடிதங்கள் உண்மையாக வந்தன, பதிலும் உண்மையாகப் போயிற்று. பாடத்தைப் பற்றிக் கேட்டவர்களைப் போலவே வானத்தையும் உடம்பையும் பேயையும் பற்றிக் கேட்டவர்களும் உண்டு.

1978-ல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும், அதாவது 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. பதினாறு பள்ளியை ஆர்வத்தால் நடத்திவிடலாம். ஒரு மாவட்டத்துக்கு ஏற்பாடு வேண்டும். ஆசிரியர்கள் மாதம் ஒரு நாள் கூடி, எந்தப் பாடம் நின்றுபோயிற்று, எந்தச் சோதனை வரவில்லை என்று பேசினார்கள். அந்த நாள் பணி நாளாகவே கணக்கானது. தீர்ந்துபோன வேதிப்பொருளை நிரப்ப வழி செய்யப்பட்டது. எல்லாவற்றையும் விட முக்கியமானது எட்டாம் வகுப்புத் தேர்வு. புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். மனப்பாடத்தால் விடை வராத கேள்விகளே வரும்; அதோடு செய்முறைத் தேர்வும் உண்டு. ஒரு பள்ளியில் எதைக் கற்பிக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது தேர்வுதான். பழைய வினாத்தாள் நீடித்திருந்தால் சோதனைப் பெட்டிகளில் ஓராண்டுக்குள் தூசி படிந்திருக்கும். இதை முதலிலேயே கண்டுகொண்டதால்தான் திட்டம் நிலைத்தது என்று கொள்ளலாம்.

திட்டத்தைத் தாங்குவதற்கென்றே 1982-ல் ஏகலவ்யா என்ற நிறுவனம் அமைந்தது. தில்லிப் பல்கலைக்கழகப் பணியை விட்டு வந்த இயற்பியலர் வினோத் ரெய்னா அதை நிறுவியவர்களுள் ஒருவர். 1985-ல் அது ‘சக்மக்’ என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கியது. திட்டமும் மெல்ல மெல்ல 15 மாவட்டங்களில் பரவி, ஏறத்தாழ 1000 பள்ளிகளையும் ஒரு லட்சம் மாணவர்களையும் எட்டியது.

குறைகளும் இருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அவர் இடத்துக்கு வருபவருக்கு எல்லாம் புதிது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் மீண்டும் பழைய பாணிப் பாடநூலுக்கே திரும்ப வேண்டியிருந்தது. இந்த இடைவெளியே பிறகு குற்றச்சாட்டாக மாறியது: மாநிலம் முழுவதும் ஒரு நூல் இருக்க, சில பள்ளிகளுக்கு மட்டும் வேறொன்று ஏன், மேல்வகுப்பில் இவர்கள் பின்தங்க மாட்டார்களா என்று உள்ளூர் அரசியல்வாதிகள் கேட்டார்கள். விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. ஓர் அரசாணையால் திறந்த கதவு இன்னோர் ஆணையால் மூடியது. முப்பது ஆண்டு அனுபவத்தைத் திருத்தி வளர்த்திருக்கலாம். ஒரே அடியாக நிறுத்தியது பெரும் இழப்பு.

திட்டத்தில் வேலை செய்தவர்கள் கலைந்துபோகவில்லை. 2005-ம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் விவாதங்களில் இவர்களின் அனுபவம் இடம்பெற்றது. வினோத் ரெய்னா 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார். அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பிலும் அவர் முன்னணியில் இருந்தார். ‘துளிர்’ இதழை வெளியிடும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதே கூட்டமைப்பைச் சேர்ந்தது. அரவிந்த் குப்தாவின் நூல்கள் தமிழிலும் வெளியாகின; நம் ஊர் அறிவியல் முகாம்களில் வால்வு டியூபும் தீக்குச்சியும் வழக்கமான பொருள்கள் ஆயின. சோதனைகள் இப்படி எல்லை தாண்டின. திறந்த புத்தகத் தேர்வும், பணி நாளாகக் கணக்கான மாதக் கூட்டமும் அந்த அளவுக்குப் பயணப்படவில்லை. ‘பால வைக்ஞானிக்’ பாடங்களை ஏகலவ்யா பின்னர் தனித்தனிச் சிறு நூல்களாக விரித்து எழுதத் தொடங்கியது.