எரிச்சலூட்டவே பிறந்த படிவம்

ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியாக நிரப்புகிறீர்கள் என்பதுதான் பந்தயம். பெல்ஜியத்தைச் சேர்ந்த பகார் என்ற வடிவமைப்பு நிறுவனம் 2019-இல் இணையத்தில் இலவசமாக விட்ட 'யூஸர் இன்யர்ஃபேஸ்' என்ற விளையாட்டு இது. நல்ல திரைகளைச் செய்து பிழைப்பவர்கள், வேண்டுமென்றே படுமோசமாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள்.

களம் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தயாராகியிருந்தது. ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010-இல், ஆளை ஏமாற்றவென்றே செய்யப்படும் திரைகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் சூட்டி, அவற்றைத் திரட்டி இணையதளம் ஒன்றைத் தொடங்கினார். நாம் எடுக்காத பொருள் கூடையில் ஏறிக்கொள்வது, சேர்வதற்கு அகலக் கதவும் விலகுவதற்குச் சந்துபொந்துமாக இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். பெயர் வந்ததும் திட்டுவது எளிதாயிற்று. தந்திரம் மட்டும் குறையவில்லை. 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 11,000 கடைத் தளங்களை அலசியபோது 1,818 தந்திரங்கள் அகப்பட்டன. அத்தனையையும் யாரோ சம்பளம் வாங்கும் வடிவமைப்பாளர்கள்தானே வரைந்திருப்பார்கள்?

பகாரின் ஆட்டம் பாடம் எதுவும் நடத்தாது. நேராக நம் கைப்பழக்கத்தில் கை வைக்கும். முதல் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான். விரல் தானாக அங்கே போகும். அதில் 'இல்லை' என்று எழுதியிருப்பதே பிறகுதான் கண்ணில் படும். அடிக்கோடிட்ட சொல்லைத் தட்டினாலும் அடுத்த பக்கம் வராது. கட்டத்தில் எழுதப்போனால், தானாக மறைய வேண்டிய மாதிரி எழுத்து மறையாமல் நம் எழுத்தோடு கலந்து நிற்கும். 'விதிமுறைகளை ஏற்கவில்லை' என்ற வரியில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். அதை எடுத்தால்தான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிடித்த விஷயங்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்; எல்லாவற்றிலும் டிக் இருக்கும். மொத்தத்தையும் நீக்கும் கட்டம், பட்டியலின் நடுவே அதுவும் ஒரு விருப்பம் போல ஒளிந்திருக்கும். இதற்கிடையே 'சீக்கிரம், நேரம் ஓடுகிறது' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து விழும். அதை மூடும் வழியையும் தேட வேண்டும்.

திரையை வரைவதே தொழிலாக இருப்பவர் இங்கே தடுமாறும்போதுதான், பச்சை நிறத்தையும் டிக் கட்டத்தையும் மக்கள் படிப்பதே இல்லை, நம்பித் தட்டுகிறார்கள் என்பது அவருக்கு உறைக்கிறது. அந்த நம்பிக்கைதான் தந்திரக்காரர்களின் முதலீடு.

ஆனாலும் இந்த ஆட்டம் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது என்பேன். இது நம்மை எரிச்சலூட்டுகிறது. நிஜத் தந்திரமோ பெரும்பாலும் வழவழவென்று இருக்கும், ஏமாந்ததே தெரியாது. அமேசான் பிரைமிலிருந்து விலகும் பாதைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் இருந்ததாக, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் தொடுத்த வழக்கில் சொன்னது. ஹோமரின் நெடுங்காவியத்தின் பெயர். வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025-இல் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. பிரைமில் சேரும்போது யாருக்கும் எரிச்சல் வந்திருக்காது.

இந்தியாவிலும் 2023 நவம்பர் 30-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட நுகர்வோர் வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாமென்றால் 'நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்' என்று நம்மையே சொல்ல வைப்பதும் அதில் ஓர் உதாரணம்.

வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் இந்த ஆட்டத்தை ஆட விடுங்கள். ஆடி முடித்த கையோடு, சந்தாவிலிருந்து விலகும் பக்கம் ஒன்றை இரண்டு விதமாக வரையச் சொல்லுங்கள்: ஒன்று நேர்மையாக, இன்னொன்று ஆளை விடாமல் பிடித்துவைக்கிற மாதிரி. பிறகு இரண்டையும் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, அந்த 13-இல் எவையெல்லாம் இருக்கின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். நேர்மையானது என்று வரைந்த பக்கத்தையும் சேர்த்துத்தான்.