வன்னிக் கரையோரக் கூடாரங்கள்

கூடாரச் சாமான்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, கடற்கரையோரமாக நாட்கணக்கில் பயணம் செய்வது இன்று உல்லாசப் பயணிகளின் விருப்பம். கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்தில் அவ்வாறு சென்று வந்தவர்களின் குறிப்புகளை ஆர்வத்தோடு வாசிக்கிறோம். வன்னிக் கரைக்கும் அப்படியொரு பயண வரலாறு உண்டு. ஆனால் அங்கே கூடாரம் அடித்தவர்கள் எல்லோரும் விரும்பி அடித்தவர்கள் அல்லர்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். தெற்கே கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் என வரிசையாகக் களப்புகள். வடகீழ்ப் பருவமழையின்போது அவற்றின் முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். கோடையில் மணல் மூடிவிடும். எனவே, பாலங்கள் இல்லாத காலத்தில் இக்கரையோரமாக நடந்து செல்வதற்குக் கோடையே உகந்ததாக இருந்தது.

1800ஆம் ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் தீவின் கரையோரத்தைச் சுற்றிப் பயணம் செய்தார். கொழும்பிலிருந்து தெற்கே சென்று, கிழக்குக் கரை வழியாகத் திருகோணமலையை அடைந்து, முல்லைத்தீவு ஊடாக யாழ்ப்பாணம் சென்றார். உடன் சென்ற மதகுரு ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் இப்பயணத்தை விரிவாக எழுதினார். அந்தப் பரிவாரத்தின் கணக்கைப் பாருங்கள்: பல்லக்குத் தூக்கிகள் 160 பேர், கூலிகள் 400 பேர், லஸ்கார்கள் 50 பேர், யானைகள் இரண்டு. ஒரு சில கனவான்கள் கரையைப் பார்த்துச் செல்வதற்கு அறுநூறு பேரின் தோள்களும் கால்களும் தேவைப்பட்டன. கனவான்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். சுமந்தவர்கள் எண்களாகவே எஞ்சியுள்ளனர். வரலாறு எழுதுவோர் ஆவணங்களை நம்பித்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஆவணங்களோ பல்லக்கின் உள்ளிருந்து எழுதப்பட்டவை.

உள்ளூரவர் அந்த ஆட்சியை எப்படிப் பார்த்தனர் என்பது மூன்றே ஆண்டுகளில் தெரியவந்தது. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் அவன் தோல்வியுற்றான்.

ஆளுநருக்குப் பல்லக்கு. அடியார்களுக்கோ வெறுங்கால். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வன்னியூடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை இக்கரையின் நெடும்பயணம். ஒரு மூட்டை, ஒரு வேல், இரவுக்குக் கோயில் மண்டபம் அல்லது மரநிழல். நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வணங்கித் தெற்கு நோக்கி நடப்பார்கள். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து செல்லும் இந்நடை நீண்டகாலம் தடைப்பட்டிருந்தது.

இன்னொரு வகைக் கூடாரமும் இங்கே உண்டு. அதுதான் வாடி. பருவகாலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்த சிங்கள மீனவர்கள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடி அமைத்துத் தொழில் செய்தனர். 1984 டிசம்பர் முதலாம் திகதி அந்த வாடிகள் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டு மீனவக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அதே மாதத்தில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் தமிழ் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் திரும்பிவரக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை இரு மொழிப் பத்திரிகைகளிலும் கண்டிருக்கிறேன்.

2009இல் இந்தக் கரை முழுவதும் கூடாரமாயிற்று. பெப்ரவரி 12ஆம் திகதி, புதுமாத்தளன் தொடக்கம் வெள்ளமுள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய மணற்றிட்டியை அரசு பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடையே இலட்சக்கணக்கான மக்கள். கூடாரம் என்ற சொல்லை அங்கே யாரும் பயன்படுத்தவில்லை. தறப்பாள் என்றே சொன்னார்கள். தறப்பாளின் கீழே பதுங்குகுழி. கடற்கரை மணல் சரிந்து விழுமாதலால் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். கூறைச் சேலைகளும் தப்பவில்லை. வலயத்துக்குள் அரச படைகளின் எறிகணைகள் வீழ்ந்ததையும், வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்க இயலாது என்றும் அக்குழு கூறியது. காயமடைந்தோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்கும், பின்னர் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. நோர்த் வடக்கு நோக்கிக் கடந்துபோன அதே கரையோரமாகத்தான் அக்கப்பல் தெற்கே சென்றது.

மே மாதம் போர் முடிந்தபின் எஞ்சியோரிற் பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அது 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களுள் கேப்பாபிலவு மக்களும் அடங்குவர். சொந்த ஊர் இராணுவத்தின் வசம் இருந்ததால் அவர்களை அயலிலுள்ள வேறு காணிகளில் இறக்கிவிட்டார்கள்.

2017 ஜனவரி 31ஆம் திகதி, அவ்வூரின் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன்னால் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். மேலே மீண்டும் தறப்பாள். பெண்களும் பிள்ளைகளும் பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் அங்கேயே கிடந்தார்கள். மார்ச் முதலாம் திகதி காணி விடுவிக்கப்பட்டது. அதே நாளில், கேப்பாபிலவின் ஏனைய குடும்பங்கள் இராணுவத் தலைமையகத்தின் எதிரே தமது தறப்பாளைக் கட்டத் தொடங்கினார்கள்.