பானைக்குள் விழுந்த ஓலை

காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைதான் பார்ப்பார்கள். கோயில், பட்டுப் புடவை. இரண்டும் முடிந்ததும் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அடுத்த தடவை அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் உத்திரமேரூர்.

பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமான ஊர்தான். பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, சுற்றிலும் நெல் வயல். 18 வார்டுகள் கொண்ட ஒரு பேரூராட்சி. 2011 சென்சஸ்படி ஜனத்தொகை சுமார் 25 ஆயிரம். சென்னையில் சில வார்டுகளிலேயே இதைவிட அதிகக் கூட்டம் இருக்கும்! ஆனால், 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் மோடி தன் பேச்சில் இந்தச் சின்ன ஊரைக் குறிப்பிட்டார். அப்படி என்ன இருக்கிறது இங்கே?

முதலில் தண்ணீர் விஷயம். பாலாறும் செய்யாறும் அதிக தூரத்தில் இல்லை. ஆனால், இரண்டுமே மழையை நம்பி ஓடுகிறவை. வருஷம் பூராவும் பயிர் செய்ய வேண்டுமென்றால், பெய்கிற மழையைப் பிடித்து வைத்தாக வேண்டும். அதற்காகப் பல்லவர் காலத்திலேயே பெரிய ஏரி வெட்டினார்கள். வைரமேகத் தடாகம் என்று அதற்குப் பெயர். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஏரி வெட்டினால் மட்டும் போதுமா? தூர் வார வேண்டும், மதகைப் பார்க்க வேண்டும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டும். ராஜா தலைநகரில் இருப்பார். ஊர்க்காரர்கள்தான் கூடிப் பேசியாக வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டில், நந்திவர்மப் பல்லவன் காலத்தில், வேதம் படித்த பிராமணர்களுக்குத் தானமாக அமைந்த ஊர் இது. பெயர் உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம். ஊர்ச் சபை கூடிய மண்டபம் இன்றைக்கும் வைகுந்தப் பெருமாள் கோயிலாக நிற்கிறது. அதன் சுவர்தான் ஊரின் சொத்து. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று என இரண்டு கல்வெட்டுகள். இரண்டுமே தேர்தல் விதிகள்!

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய பாஷையில் வார்டு. நிற்கத் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, ஒரு குடத்தில் போடுவார்கள். கோயில் நம்பிமார் உட்பட ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே என்ன இருக்கிறதென்றே அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரே ஓலை. அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்துத்தான் வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால்? ஆக, அந்தக் காலத்திலேயே கள்ள ஓட்டுப் பயம் இருந்திருக்கிறது!

இப்படி 30 பேர். வயதிலும் கல்வியிலும் மூத்த, முன்பே தோட்ட, ஏரி வாரியங்களில் இருந்த 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள், அவ்வளவுதான். தப்பு செய்தது தெரிந்தால் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரசிக்க வேண்டிய இடம் தகுதி நீக்கப் பட்டியல். முந்தைய மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவர் நிற்க முடியாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமா? அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், அக்கா தங்கை புருஷன், சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவுகளை வரிசையாகச் சொல்லி, ‘இவர்களும் கூடாது’ என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். பினாமி விஷயம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சரி, இதுதான் உலகின் முதல் ஜனநாயகமா? அவசரப்பட வேண்டாம். பதவிகளுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுப்பதை ஏதென்ஸ் நகரம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தது. அதைவிட முக்கியமானது, குடத்துக்குள் யார் பெயர் விழுந்தது என்பது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் பாதியாக இருந்தால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, நிலமுள்ள பிராமண ஆண்கள். வயலில் நாற்று நட்ட பெண், ஏரிக்கரையில் மண் சுமந்த கூலிக்காரர், துணி நெய்தவர், எண்ணெய் ஆட்டியவர்... இவர்கள் பெயரெல்லாம் எந்த ஓலையிலும் இல்லை. தண்ணீர் எல்லோருக்கும் தேவை, ஓலை சிலருக்கு மட்டும்.

இன்றைக்கு அப்படியில்லை. 18 வயதானால் ஓட்டு. தமிழக நகர உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம். கூலிக்காரரின் மகளும் பேரூராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காரலாம். இந்த விஷயத்தில் சோழர் காலத்தைவிட நாம் எவ்வளவோ மேல்.

ஆனால், இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2016 அக்டோபரில் தமிழகத்தின் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான் எல்லாம். உத்திரமேரூருக்கும் அதே கதிதான். 360 நாளுக்கு ஒரு தடவை ஆளை மாற்றச் சொல்லும் சுவர், அதே ஊரில்தான் நின்றுகொண்டிருந்தது.

பழம்பெருமை பேசுவதில் தப்பில்லை. அந்தப் பெருமையில் கொஞ்சம் நமக்கும் உதவ வேண்டும். சுவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘கணக்குக் காட்டினாயா?’ உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அடுத்த தடவை பார்க்கும்போது ஏரியைப் பற்றியோ, குழாய்த் தண்ணீரைப் பற்றியோ அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!