மூட்டையும் முகவரியும்

1

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைப்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வது ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, சுண்ணாம்புக்கல் பூமியில் இருக்கும் இன்னொரு ஆலங்குளம். 1970இல் தமிழக அரசின் டிட்கோ இங்கே ஒரு சிமெண்ட் ஆலையை நிறுவியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன். 1976இல் டான்செம் என்ற அரசு நிறுவனம் உருவானபோது ஆலை அதன் வசம் வந்தது. அதற்கு முன்பே, அறுபதுகளின் தொடக்கத்திலேயே, ராஜபாளையம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய கம்பெனியின் ஆலை விருதுநகர்ப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆக, எழுபதுகளில் இந்த வட்டாரத்துக்காரன் இரண்டு சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவில் வாழ்ந்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு தளம் போட நினைத்தால் அவனுக்கு மூட்டை கிடையாது.

கிடையாது என்றால் சர்க்கார் சொல்லும் வழியில் கிடையாது. சிமெண்ட் அன்று கண்ட்ரோல் சரக்கு. 1966இல் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்த மத்திய அரசு, 1968இல் விலையையும் விநியோகத்தையும் திரும்பத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எந்த ஆலையிலிருந்து எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது டில்லியில் தீர்மானமாகும். அணைக்கட்டு, பாலம், சர்க்கார் கட்டடம் எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதற்குத்தான் பெர்மிட். மனு எழுத வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், கட்டடத்தின் நீள அகலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்டது ஐம்பது மூட்டையானால் கையில் வருவது பத்து. மீதி நாற்பதுக்குக் கொத்தனாரே ஆள் சொல்லுவார். இருட்டிய பிறகு மாட்டு வண்டியில் வந்து இறங்கும். விலை கண்ட்ரோல் விலைக்கு மேலே. தட்டுப்பாட்டுக் காலத்தில் அதற்கு இரட்டிப்பு. ரசீது கிடையாது. மூட்டையின்மேல் ஆலையின் பெயர் அச்சிட்டிருக்கும். விற்றவன் பெயர்தான் எங்கும் இருக்காது. சாம்பல் கலந்திருந்து தளம் ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், பிளாக்கில் வாங்கிய நீயும்தானே குற்றவாளி என்பதே பதில்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவன் தன் ஜாதகத்தையே மனுவில் எழுதிக் கொடுத்தாயிற்று. மறுத்த அதிகாரியோ பெயரில்லாதவன். "ஆணைப்படி" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கிறுக்கல் மட்டும். இருட்டில் விற்றவனும் பெயரில்லாதவன். இரண்டு பெயரின்மைகளுக்கு நடுவில், பெயரும் விலாசமும் உள்ள ஒரே ஆளாக வீடு கட்டுகிறவன் நின்றான். கள்ள மார்க்கெட்டைப் பற்றிய தார்மீக உபதேசங்கள் எல்லாம் இவனை நோக்கியே செய்யப்பட்டன என்பதுதான் வேடிக்கை.

2

இந்த வட்டாரத்துக்குக் கண்ட்ரோல் பற்றிய பழைய பாடம் ஒன்று உண்டு. சென்னை ராஜ்யத்தில் 1949 முதல் 1952 வரை முதன்மந்திரியாக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் நேர்மையை எதிரிகளும் சந்தேகித்ததில்லை. ஆனால் அவர் ஆட்சிக்காலம் மழை பொய்த்த காலம், ரேஷன் காலம். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில், சொந்த மண்ணிலேயே, அவர் தோற்றார். மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் உணவுக் கட்டுப்பாட்டின்மீது ஜனங்களுக்கு இருந்த வெறுப்பு முக்கியமானது. நேர்மையான மனிதர் நடத்தினாலும் கண்ட்ரோல் கண்ட்ரோல்தான் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வந்த ராஜாஜி 1952 ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு, வரவில்லை. பதுக்கி வைத்திருந்த நெல் வெளியே வந்தது. மழையும் வந்தது, டில்லியில் உணவு மந்திரி கித்வாயின் ஒத்துழைப்பும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம். என்றாலும் அரிசியின் கள்ள மார்க்கெட்டைப் போலீஸ் ஒழித்ததைவிட, கட்டுப்பாட்டை நீக்கிய கையெழுத்தே அதிகம் ஒழித்தது. 1959இல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் என்று ஒரு பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது எனலாம்.

ஆனால் இதே ராஜாஜிதான் 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். 1971இல், 92 வயதில், கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டுக்குப் போய், மதுவிலக்கை எடுக்காதீர்கள் என்று மன்றாடியவரும் அவரே. அந்த ஆகஸ்டு மாதமே மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அரிசிக்குச் சுதந்திரம் வேண்டும், சாராயத்துக்கு வேண்டாம் என்ற அவர் நிலையை முரண்பாடு என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். எனக்கு அது முரண்பாடாகப் படவில்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் சர்க்கார் ஏன் என்ற கேள்விக்கு எல்லாச் சரக்குக்கும் ஒரே பதில் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அந்தப் பதில் சரியா என்பது வேறு. கேள்வியைச் சரக்கு சரக்காகக் கேட்டார் என்பதே முக்கியம்.

3

ஒரே பதில் உண்டு என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். இங்கே பெர்மிட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த 1980இல், கலிபோர்னியாவில் சாமுவெல் கான்கின் என்பவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். சர்க்காரைத் தேர்தலால் மாற்ற வேண்டாம், புரட்சியாலும் வேண்டாம். வரி கட்டாமல், லைசென்ஸ் வாங்காமல், அதன் கண்ணுக்குத் தெரியாமல் வாங்கி விற்றுக்கொண்டே போங்கள், அது தானே உதிர்ந்துவிடும் என்பது சாரம். கள்ள மார்க்கெட் குற்றமல்ல, விடுதலைப் பாதை. அகோரிசம் என்று அதற்குப் பெயர். ராஜபாளையத்தில் இருட்டில் மூட்டை இறக்கியவர்கள் இதைக் கேட்டிருந்தால் தாங்கள் புரட்சிக்காரர்கள் என்று அறிந்து திகைத்திருப்பார்கள்.

கான்கினுடைய எண்ணத்துக்கு முப்பது வருஷம் கழித்து யந்திரம் கிடைத்தது. 2011 தொடக்கத்தில் ராஸ் உல்பிரிக்ட் என்ற அமெரிக்க இளைஞர் சில்க் ரோட் என்ற சந்தையை இணையத்தில் திறந்தார். டோர் என்ற மென்பொருள், வருகிறவன் எந்த ஊர் என்று தெரியாமல் மறைத்தது. பிட்காயின் என்ற நாணயம், பாங்கு வழியாகப் போகாமல் பணத்தை மாற்றியது. சரக்கு பெரும்பாலும் போதைப்பொருள்; தபாலில் வரும். பணம் நேரே விற்றவனுக்குப் போகாது. சந்தை நடுவில் பிடித்து வைத்திருக்கும். சரக்கு வந்து சேர்ந்ததும் விடுவிக்கும். தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் விற்றவனுக்கு மதிப்பெண் போடுவார்கள். திருட்டுச் சரக்கும் குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களும் அங்கே விற்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார் உல்பிரிக்ட். மற்றபடி, தன் உடம்புக்குள் எதை விடுவது என்பது தன் விஷயம். இதில் மூன்றாமவனுக்கு வேலையில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. தெருமுனையில் கத்தியோடு நிற்பவனிடம் வாங்குவதைவிட, நூறு பேர் மதிப்பெண் போட்ட ஒருவனிடம் வாங்குவது ஆபத்துக் குறைவு என்பதில் உண்மை இருக்கிறது. பிளாக்கில் சாம்பல் கலந்த மூட்டை வாங்கி ஏமாந்தவனுக்கு இப்படி ஒரு மதிப்பெண் பட்டியல் கிடைத்திருந்தால் உபயோகமாகத்தான் இருந்திருக்கும். பெயரில்லாமலே நம்பிக்கையை உண்டாக்க முடியும் என்று காட்டியது சில்க் ரோடின் சாதனை.

ஆனால் சாதனைக்கு ஒரு எல்லை இருந்தது. விசாரணையில் அரசுத் தரப்பு குறைந்தது ஆறு மரணங்களை அந்தச் சந்தையின் சரக்கோடு தொடர்புபடுத்தியது. தளம் ஒழுகியவன் மறுநாள் வந்து சண்டை போடலாம், குறைந்த மதிப்பெண்ணாவது போடலாம். செத்தவன் மதிப்பெண் போடுவதில்லை.

இரண்டாவது எல்லை இன்னும் ஆழமானது. சர்க்கார் வேண்டாம் என்று தொடங்கிய சந்தைக்கு ஒரு சர்க்கார் தேவைப்பட்டது. விதி செய்பவரும் வரி வாங்குபவரும் வழக்குத் தீர்ப்பவரும் ஒருவரே. வாடிக்கையாளர் பெயர்களை வெளியிடுவேன் என்று மிரட்டல் வந்தபோது, அவர் போலீசுக்கா போக முடியும்? கூலிக்கு ஆளைக் கொல்லப் பணம் அனுப்பினார் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டு. கொலை எதுவும் நடக்கவில்லை; அந்தக் குற்றச்சாட்டில் தனி விசாரணையும் நடக்கவில்லை; ஆனால் தண்டனை விதித்த நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். 2013 அக்டோபர் 1ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் கைதானார். 2015இல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் முழு மன்னிப்பு வழங்கினார். அவரைப் பிடிக்கப் போன அமெரிக்க அதிகாரிகளில் இருவர் அந்தச் சந்தையின் பிட்காயினைத் திருடி, தாங்களும் சிறைக்குப் போனார்கள்.

நமக்கு இது புதிய கதையல்ல. மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, கட்டடக் கம்பெனிகளுக்கு சிமெண்ட் ஒதுக்கீடு கொடுத்து, அதற்குப் பதிலாகத் தன் அறக்கட்டளைகளுக்கு நன்கொடை வாங்கினார் என்று 1981இல் அருண் ஷோரி எழுதினார். 1982 ஜனவரி 12ஆம் தேதி, ஒதுக்கீட்டுக்கும் நன்கொடைக்கும் தொடர்பு உண்டென்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது. அந்துலே பதவி விலகினார். அவர்மீது தொடுத்த குற்ற வழக்கு பிறகு வருஷக்கணக்கில் இழுபட்டது. கட்டுப்படுத்துகிறவனும் கடத்துகிறவனும் எதிரிகள் என்பது புத்தகத்தில்தான். நடைமுறையில் ஒருவன் தட்டுப்பாட்டைத் தருகிறான், மற்றவன் அதற்கு விலை வாங்கித் தருகிறான்.

4

அந்தத் தீர்ப்பு வந்து ஏழு வாரத்துக்குள், 1982 பிப்ரவரி 28ஆம் தேதி, சிமெண்ட் மீதான கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. உற்பத்தியில் ஒரு பங்கு லெவிக்கு, மீதி வெளிச்சந்தைக்கு. 1989 மார்ச் 1ஆம் தேதி முழுதும் நீங்கியது. புது ஆலைகள் வந்தன. வண்டியில் இருட்டில் இறங்கிய மூட்டை பகலில் கடைவாசலில் அடுக்கிக் கிடந்தது. கான்கின் சொன்னபடி கள்ள மார்க்கெட் சர்க்காரைத் தின்றுவிடவில்லை. சர்க்கார் ஒரு உத்தரவை வாபஸ் வாங்கியது, கள்ள மார்க்கெட் செத்தது. அது சுதந்திரத்தின் வித்தாக இருந்திருந்தால் சுதந்திரம் வந்ததும் முளைத்திருக்க வேண்டும். அது கட்டுப்பாட்டின் நிழல். கம்பம் விழுந்ததும் நிழலும் போயிற்று.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? சாராயம் இதற்குக் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கடை திறந்திருந்தது, கடையின் விலை கூலிக்காரனுக்கு மூடியிருந்தது. சிமெண்டில் சரக்குத் தட்டுப்பாடு. இங்கே காசுத் தட்டுப்பாடு, அதற்கு மேல் விட முடியாத பழக்கம். சுதந்திரவாதி எல்லாச் சரக்கையும் சிமெண்டாகப் பார்க்கிறான். விலக்குவாதி எல்லாச் சரக்கையும் சாராயமாகப் பார்க்கிறான். இருவருக்கும் பார்க்கச் சௌகரியமில்லாதவன் ஒருவன் உண்டு: சேதப்பட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவன்.

இது தூர தேசத்து விவகாரம் என்று இருக்கவும் முடியாது. 2025 ஜூலைத் தொடக்கத்தில், மறைவுச் சந்தையில் எல்.எஸ்.டி.யும் கெட்டமினும் விற்ற ஒருவரை மூவாற்றுப்புழையில் பிடித்ததாக மத்தியப் போதைத் தடுப்புத் துறை அறிவித்தது. ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம்.

பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை பெரிய உரிமை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தகப்பன் பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கொடுத்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆகவே என் கேள்வி, ஒருவன் மறைந்திருக்கலாமா என்பதல்ல. வாங்குகிறவன் மறைந்திருக்கட்டும், அவன் என்ன படிக்கிறான், என்ன குடிக்கிறான், எங்கே வீடு கட்டுகிறான் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. விற்கிறவனும் மறுக்கிறவனும் மறைந்திருக்கக் கூடாது. பெர்மிட் அலுவலகமும் சில்க் ரோடும் தவறியது ஒரே இடத்தில்தான்: அதிகாரம் இருந்த இடத்தில் பெயர் இல்லை.

2015இல் டான்செம் வழியாகவே அம்மா சிமெண்ட் வந்தது, மூட்டை 190 ரூபாய். 1,500 சதுர அடிக்குள் கட்டுகிறவருக்கு, பிளானைக் காட்டினால், அதிகபட்சம் 750 மூட்டை. திரும்பவும் மனு, திரும்பவும் அளவு. ஆனால் இந்த முறை பக்கத்திலேயே பகல் சந்தை இருந்தது. பிடிக்காவிட்டால் கூடுதல் விலை கொடுத்துக் கடையில் வாங்கலாம், ரசீதோடு. அந்த ரசீதில் வாங்கியவன் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. விற்றவன் பெயர் இருக்கிறது.