பச்சை மேசையும் மாணவர் உடல்களும்

1

பத்துக் கனவான்கள் பச்சைத் துணி விரித்த ஒரு நீள மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். கறுப்பு உடை, வெள்ளைக் கையுறை, முகத்தை மறைத்த முகமூடி. இரண்டு பியானோக்களில் டாங்கோ சாயலில் இசை. பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒருவர் விரலை நீட்டுகிறார், ஒருவர் மேசையைத் தட்டுகிறார், ஒரு வரிசை முழுவதும் முதுகை வளைத்து மரியாதை செய்கிறது. கடைசியில் துப்பாக்கிகளை எடுத்துச் சுடுகிறார்கள். விளக்கு அணைகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது மேடையில் மரணம் தன்னந்தனியாகத் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு வழியனுப்புதல், போர்க்களம், அகதிகள், ஆயுதமெடுத்த பெண், விபச்சார விடுதி, எல்லாம் முடிந்த பிற்பாடு. ஒவ்வொருவராக மரணம் வந்து கூட்டிப் போகிறது. எட்டாவது காட்சியில் அதே பத்துப் பேர், அதே மேசை, அதே துப்பாக்கிகள். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இந்த நடனம்தான் குர்ட் யோஸ் என்ற ஜெர்மானியரின் 'பச்சை மேசை'. 1932 ஜூலை 3 அன்று பாரிஸில், நடன அமைப்புக்கான சர்வதேசப் போட்டியொன்றில் ஆடப்பட்டு முதல் பரிசு வாங்கியது. அதற்கப்புறம் ஏழு மாதம்கூட ஆகவில்லை, ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார்.

நவீன நடனத்தின் செவ்வியல் படைப்பாகிவிட்ட இதைப் பல்கலைக்கழக நடனத் துறைகளின் மாணவர்களும் எடுத்து ஆடுகிறார்கள். நல்ல விஷயம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. போரைப் பார்த்திராத ஒரு இருபது வயது மாணவி, 1932இல் அமைக்கப்பட்ட ஓர் அசைவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும்போது அவள் மீண்டும் நிகழ்த்துவது எதை? அசைவையா, அந்த அசைவு கடந்துவந்த வரலாற்றையா? இரண்டும் ஒன்றேதான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒன்றல்ல என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது.

2

மீள்மேடையேற்றம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாடகத்துக்குப் பிரதி உண்டு. நடனத்துக்கு? பெரும்பாலும் ஆடியவர்களின் உடல்தான் பிரதி. அவர்கள் செத்துப்போனால் நடனமும் போச்சு. 'பச்சை மேசை' விதிவிலக்கு. யோஸின் ஆசிரியர் ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட அசைவுக் குறியீட்டு முறையில் இந்நடனம் எழுதி வைக்கப்பட்டது. எழுதியவர் ஆன் ஹட்சின்சன். 1930களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் யோஸ் பள்ளியில் அவரே ஒரு மாணவியாக இருந்த காலம் அது.

இந்தக் குறியீட்டைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்புறம் இடப்பக்க உடம்பு, வலப்புறம் வலப்பக்க உடம்பு. கட்டத்தின் வடிவம் திசையைச் சொல்லும், உள்ளே தீட்டியிருக்கும் விதம் அசைவின் மட்டத்தைச் சொல்லும், கட்டத்தின் நீளம் காலத்தைச் சொல்லும். வலது கால் எந்த அடியில், எத்தனை எண்ணிக்கைக்குள், எந்தத் திசையில் இறங்குகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆனால் குறியீட்டைக் கையில் கொடுத்து 'ஆடுங்கப்பா' என்று சொல்லிவிட்டால் நடனம் வந்துவிடாது. பாலே பயின்ற மாணவர்களின் உடல் மேலே மேலே எழும்பப் பழகியது. இந்த நடனத்தின் மரணமோ கீழே இறங்குகிறது. எடை முழுவதையும் தரையில் போட்டு மிதிக்கிறது. மாணவருக்கு முதலில் வருவது சத்தம்தான், எடை அல்ல. சத்தம் வேறு, எடை வேறு. இதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு உடல் வேண்டியிருக்கிறது. ஆகவேதான் எழுத்து இருந்தும், யோஸ் 1979இல் இறந்த பிறகு அவர் மகள் அன்னா மார்கார்ட் 2010இல் தாம் இறக்கும்வரை ஊர் ஊராய்ப் போய் இதைக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. பெரும்பாலும் முகமூடி போட்டுக் கனவான்களாக நிற்பவர்களேதான் பிறகு சிப்பாய்களாகவும் அகதிகளாகவும் வருகிறார்கள். போரைத் தீர்மானித்த கையும் போரில் விழுகிற கையும் ஒரே ஆளுடையது. பார்வையாளருக்கு இது தெரியாமல் போகலாம். ஆடுகிற மாணவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. திரைக்குப் பின்னால் அவசர அவசரமாகக் கோட்டைக் கழற்றிச் சிப்பாயின் உடையை மாட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கிடைக்கும் அரசியல் பாடம் எந்த வகுப்பறையிலும் கிடைப்பதில்லை.

3

துல்லியமான குறியீடு, கண்டிப்பான ஒத்திகை, எண்ணிக்கை பிசகாத பத்து உடல்கள். இங்கே நமக்கு ஒரு சங்கடம் வர வேண்டும். அதிகாரத்தை எதிர்க்கும் ஒரு படைப்பை அதிகாரத்தின் வழியாகவே கற்பிக்கிறோமா? இராணுவப் பயிற்சியும் இதைத்தானே செய்கிறது?

இந்தச் சங்கடத்தை வெறும் தத்துவக் கேள்வியாக ஒதுக்க முடியாது. வரலாறே இதற்குச் சாட்சி. யோஸின் குழுவில் யூதர்கள் இருந்தார்கள். இந்நடனத்துக்கு இசையமைத்த ஃபிரிட்ஸ் கோஹனும் யூதர். அவர்களை வெளியேற்று என்று நாஜிகள் நெருக்கியபோது யோஸ் மறுத்தார். 1933இலேயே குழுவோடு நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடைய ஆசிரியர் லாபனோ அங்கேயே இருந்தார். கோயபல்ஸின் அமைச்சகத்தின் கீழ் ஜெர்மன் நடனத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றார். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்கும் கூட்டு நடனம் ஒன்றை அமைத்தார். பல நகரங்களில் பிரிந்திருந்த அந்த ஆயிரம் பேரும் தத்தம் பங்கைக் கற்றுக்கொண்டது எதைக்கொண்டு? அதே குறியீட்டைக்கொண்டு. கடைசி ஒத்திகையைப் பார்த்த கோயபல்ஸுக்குப் பிடிக்காமல் போய் அது தடைசெய்யப்பட்டது வேறு கதை. அப்புறம் லாபனும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1938இல் தம் மாணவர் யோஸ் இருந்த டார்ட்டிங்டனுக்கே போய்ச் சேர்ந்தார்.

ஆக, ஒரே எழுத்துமுறை ஆயிரம் உடல்களை நாஜிக் கொண்டாட்டத்துக்காக ஒரே சீராக அசைக்கவும் பயன்பட்டது, நாஜிகளால் துரத்தப்பட்ட ஒரு நடனத்தைக் காப்பாற்றவும் பயன்பட்டது. எழுத்து எந்தப் பக்கமும் சாய்வதில்லை. எந்தத் திசையில் கால் போக வேண்டும் என்று அது சொல்லும். அந்தக் கால் யாருடையது, எந்த எல்லையைத் தாண்டி வந்தது என்று சொல்லாது.

4

குறியீடு சொல்லாததைத் தெரிந்துகொள்ளச் சிலி நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1940இல் யோஸ் குழு அமெரிக்கக் கண்டங்களில் பயணம் செய்துகொண்டிருந்தது. யோஸ் இங்கிலாந்தில். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவரை, 'எதிரி நாட்டான்' என்று பிரிட்டிஷ் அரசு பிடித்துச் சில மாதங்கள் முகாமில் அடைத்தது. குழு சிதறியது. எர்னஸ்ட் ஊத்தோஃப், லோலா போட்கா, ருடால்ஃப் பெஷ்ட் ஆகிய மூவரும் சிலிப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று 1941இல் சாந்தியாகோவில் நடனப் பள்ளி தொடங்கினார்கள். அப்பள்ளியின் மாணவர்களிலிருந்துதான் சிலி தேசிய பாலே உருவானது. 1948இல் யோஸே அங்கு போய்ப் 'பச்சை மேசை'யை மேடையேற்றினார். பெரிய நகரத்துத் தொழில்முறை அரங்கம் ஒன்றுக்குப் போகவேண்டிய படைப்பு, ஒரு பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த உடல்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தலைமுறை மாணவர்களில் ஒருவர் பத்ரீசியோ புன்ஸ்தெர். பிற்பாடு ஐரோப்பாவுக்குப் போய் யோஸ் குழுவிலேயே ஆடினார். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஜோன் டர்னர் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். 1954இல் சிலிக்கு வந்த ஜோன், தேசிய பாலேயில் ஆடினார். பல்கலைக்கழகத்தில் அசைவுப் பயிற்சி கற்பித்தார். அங்கே நாடகம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைப் பின்னாளில் மறுமணம் செய்துகொண்டார். விக்தோர் ஹாரா என்ற அந்தப் பெயரைப் பாடல்களின் வழியாக நம்மில் பலருக்குத் தெரியும்.

1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாள், ஹாரா பணிபுரிந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் படை சுற்றிவளைத்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் அள்ளிக்கொண்டு போனது. சிலி அரங்கம் என்ற உள்விளையாட்டரங்கில் அடைத்து, சில நாட்களில் ஹாராவைக் கொன்றார்கள். உடம்பில் 40க்கு மேல் குண்டுக் காயங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இராணுவத் துணைவேந்தர்கள் வந்தார்கள். ஜோன் தம் மகள்களோடு இங்கிலாந்து போனார், புன்ஸ்தெர் கிழக்கு ஜெர்மனி போனார். ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு வந்த நடனத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர், தானும் துரத்தப்பட்டு ஜெர்மனிக்கே போக வேண்டியதாயிற்று. 1985இல், சர்வாதிகாரி இன்னும் பதவியில் இருக்கும்போதே, இருவரும் சாந்தியாகோவில் 'எஸ்பிரால்' என்ற நடன மையத்தைத் தொடங்கி மறுபடியும் இளைஞர்களுக்குக் கற்பிக்க உட்கார்ந்தார்கள். புன்ஸ்தெர் 2006இல் இறந்தார். ஹாராவின் கொலைக்காக முன்னாள் இராணுவத்தினர் ஏழு பேரின் தண்டனையைச் சிலி உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதிசெய்தது. 50 வருஷம் அதற்காக அலைந்த ஜோன் அந்த நவம்பரில் இறந்தார்.

இந்தக் கதையில் எந்த வரியும் குறியீட்டில் இல்லை. இருக்கவும் முடியாது.

5

மீள்மேடையேற்றம் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி அருங்காட்சியகக் கட்சி. மூலத்தில் எப்படியோ அப்படியே, விரல் நுனிகூட மாறக்கூடாது. இரண்டாவது கட்சி, காலத்துக்கேற்ப மாற்று என்கிறது. முகமூடிகளை எடுத்துவிட்டு இன்றைய தலைவர்களின் முகத்தை மாட்டு, சிப்பாய்க்கு இன்றைய சீருடை போடு.

நம் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சியில்தான் சேர்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யோஸின் கனவான்களுக்கு நாட்டுக் கொடி கிடையாது, பெயர் கிடையாது. அந்த வெறுமைதான் எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் பொருந்துகிற கூர்மையை அதற்குக் கொடுக்கிறது. இன்றைய முகத்தை மாட்டினால் பார்வையாளர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். 'அந்த ஆளைத்தான் சொல்றாங்க' என்று தன்னைக் கழித்துக்கொள்வார். முகமூடிக்குள் தானும் இருக்கலாம் என்ற பயம் போய்விடும்.

அதற்காக முதல் கட்சியிலும் சேர முடியவில்லை. உரிமையாளரின் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் இதை ஆட முடியாது. ஜெர்மன் சட்டப்படி இந்த உரிமை 2049 முடியும்வரை நீளும். நாடற்று அலைந்தவர்கள் சுமந்துவந்த ஒரு நடனம் சொத்தாக நிற்பதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போயிருந்தால் நடனம் எப்போதோ நீர்த்துப்போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் காப்பாற்றப்பட்ட அசைவை மட்டும் மாணவரிடம் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றியவர்கள் யார் என்பதைக் கொடுக்காமல் விட்டால் நாம் நடத்துவது வெறும் டிரில். 1936இல் ஆயிரம் பேர் பழகியதும் அதைத்தான்.

அசைவு துல்லியமாகவே இருக்கட்டும். அகதிகள் காட்சியில் வயதான தாயிடம் மரணம் வரும்போது அது மிதிப்பதில்லை. பொறுமையாக வந்து ஏந்திக்கொள்கிறது. அந்த அசைவைப் பழகும் மாணவிக்கு அகதி என்பது மேடைப் பாத்திரம். அதை அமைத்தவர் அகதியாகப் போனார். கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கற்பித்தவர்கள் அகதிகளாக நின்றுவிட்டார்கள். கற்றுக்கொண்ட மாணவரும் அகதியானார். இதையெல்லாம் நிகழ்ச்சி மலரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஒத்திகையின் முதல் நாள், கூடத்துக்குள் அந்த மேசையைக் கொண்டுவந்து வைப்பதற்கு முன்னால், மாணவர்களைத் தரையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய கதை இது.