நூறு யென் காசும் விண்வெளிப் படையும்

வரலாறு என்றவுடன் அரண்மனைகளையும் படையெடுப்புகளையுமே எண்ணிப் பழகிய நமக்கு, காப்பிக்கடை மேசையொன்றின் வரலாற்றை எழுதத் தகுமா என்ற ஐயம் எழலாம். எழுதத் தகும் என்பதே என் கருத்து. எழுதியாக வேண்டிய கடப்பாடும் எனக்குண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எங்கள் தோட்டத்திற்கு அருகிலிருந்த பட்டணத்துக் காப்பிக்கடையில் கண்ணாடி பதித்த மேசையொன்று வந்து சேர்ந்தது. இருபது காசை உள்ளே போட்டால், கண்ணாடியின் கீழே விண்வெளிப் படை அணிவகுக்கும். பேருந்துக்கென்று அம்மா தந்த காசு பலமுறை அம்மேசைக்குள் போயிற்று. நானோ ரப்பர் மரங்களினூடே மூன்று கட்டை தூரம் நடந்து வீடு திரும்பினேன். சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், என் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் அதே ஆட்டத்தைப் பழைய உருவிலேயே மீண்டும் ஆடும் வாய்ப்புக் கிட்டியது.

அவ்வாட்டத்தின் பெயர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. 1978 ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் அதனை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ என்னும் பொறியியலாளர். ஆட்டத்தை மட்டுமன்று, அதனை ஆக்குதற்கு வேண்டிய கருவிகளையும் அவரே அமைத்துக்கொண்டார். ஏறத்தாழ ஓராண்டு உழைத்தார். முதலில் அவர் எண்ணியவை பீரங்கி வண்டிகளும் வானூர்திகளும். அவை திரையில் சீராக நகரவில்லை. மனித உருவங்கள் நன்கு நகர்ந்தன. ஆனால் மனிதரைச் சுடும் ஆட்டம் வேண்டாவென நிறுவனத்தார் மறுத்துவிட்டனர். ஆகவே, எச்.ஜி.வெல்ஸ் 1898 இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கோளினர் படையெடுப்புக் கதையை நினைவிற்கொண்டு, எண்காலி, கணவாய், நண்டு ஆகியவற்றின் சாயலில் பகைவரைப் படைத்தார்.

இனி, இவ்வாட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். வரிசைக்குப் 11 பேராக 5 வரிசைகளில் 55 பகைவர் நிற்கின்றனர். அவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தை எட்டியதும் ஒரு படி இறங்கித் திரும்புகின்றனர். நாம் சுடச் சுட, எஞ்சியோர் விரைவு கூடுகிறது. உடன் ஒலிக்கும் நான்கு தாழ்ந்த ஒலிகளும் நெஞ்சுத் துடிப்புப்போல விரைகின்றன. கடைசி ஒருவன் மின்னலென ஓடுவான். அவனைக் கண்டு நடுங்கிய நாளில், எவனோ ஒரு மேதை திட்டமிட்டு அமைத்த சூழ்ச்சி இது என்றே நான் நம்பினேன்.

உண்மை வேறு. பொறியின் மூளையாக இருந்தது இன்டெல் 8080 என்னும் சிறு சில்லு. 55 உருவங்களையும் ஒருசேர நகர்த்தும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலின் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவனை மட்டும் நகர்த்திற்று. 55 பேரும் ஓரடி வைத்து முடிய ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாகும். பத்துப்பேர் எஞ்சினால் நொடியில் ஆறிலொரு பங்கே போதும். ஒருவனே எஞ்சினாலோ, நொடிக்கு 60 முறையும் அவன் முறைதான்! பொறியின் இயலாமையால் விளைந்த இவ்விரைவைக் கண்ட நிஷிகாடோ, அதனைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார்.

மேலே கடந்து செல்லும் விண்கலத்தை 23 ஆம் குண்டால் வீழ்த்தினால் 300 புள்ளி. அதன்பின் ஒவ்வொரு 15 ஆம் குண்டுக்கும் அதே 300. இஃது அன்றே தெரிந்திருந்தால் எத்தனை இருபது காசுகள் மிஞ்சியிருக்கும்!

இப்போது கடப்பாட்டிற்கு வருகிறேன். ஜப்பானில் இவ்வாட்டத்திற்கென்றே தனிக் கூடங்கள் தோன்றின. காப்பிக்கடை மேசைகளெல்லாம் ஆட்ட மேசைகளாயின. அதனால் நூறு யென் காசுக்கே நாட்டில் பஞ்சம் வந்தது என்றும், அரசு காசு வார்ப்பைப் பன்மடங்கு பெருக்கிற்று என்றும் ஒரு கதை உலகெங்கும் வழங்குகிறது. அக்கதையைப் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கருத்துணர்தல் பகுதியாகக் கொடுத்து வந்தேன். என் பழைய மாணவர் ஒருவர், இன்று தாமும் ஆசிரியர், அப்பகுதியைத் தம் வகுப்பிலும் பயன்படுத்துவதாகப் பெருமையுடன் கூறினார். அதன் பிறகே, மீண்டும் ஆடிய உந்துதலில், சான்று தேடினேன். ஜப்பானிய நாணயச்சாலை 1977 இல் ஏறத்தாழ 44 கோடி நூறு யென் காசுகளை வார்த்தது. ஆட்டம் வெளிவந்த 1978 இல் 29 கோடியே. 1979 இல் 38 கோடி. வார்ப்புப் பெருகவில்லை, குறைந்திருக்கிறது! 1980 இல் தொகை உயர்ந்தது உண்மையே. ஆனால் அதற்குள் இந்த வெறி தணிந்துவிட்டது. மேலும், பெட்டியில் விழுந்த காசு அங்கேயே உறங்குவதில்லை. கடைக்காரர் அதனை வங்கிக்குத்தானே கொண்டு செல்வார்? பயிற்சிக் கல்லூரியில் மூலச் சான்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறிய எனக்கு இவ்வினா தோன்றாமற் போனதே!

அப்பயிற்சித்தாளை வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் அதனை அருள்கூர்ந்து நீக்கிவிடுக. அதனிடத்தில் நான் இப்போது கொடுப்பது பகைவர் விரைவைப் பற்றிய பகுதி. 44 பேர் வீழ்ந்தபின் எஞ்சியோர் ஓரடி வைக்க எவ்வளவு நேரமாகும் என்பது அதன் இறுதி வினா. சென்ற மாதம் மாணவனொருவன் அறுபதில் பதினொரு பங்கு எனச் சரியாகச் சொல்லிவிட்டு, “அப்படியானால் யாரையுமே சுடாவிட்டால் மெதுவாகவே வருவார்களா, ஐயா?” என்று கேட்டான். ஆம் என்றேன். ஆயினும், ஒரு குண்டும் சுடாமல் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை உறுதியாகச் சொல்வதாகக் கூறினேன்.