ராஜாவுக்கு வெல்வெட் அங்கி தைத்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ராஜராஜ சோழன் என்றதும் உங்கள் மனதில் எந்த முகம் வருகிறது? என் வயதுக்காரர்களுக்குச் சிவாஜி கணேசன்தான் வருவார். 1973இல் வந்த படம் அது, தமிழில் முதல் சினிமாஸ்கோப். உங்கள் பிள்ளைகளுக்கு மணிரத்னம் காட்டிய முகம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலண்டர் ராஜா இருக்கிறார். முறுக்கு மீசை, வெல்வெட் அங்கி, ஜரிகை, கழுத்து நிறைய நகை. சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவர் போருக்குப் போயிருப்பாரா என்று யாரும் கேட்டதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னிடம் படித்தவர்கள் சிலருடைய பிள்ளைகள் டேப்லெட்டில் அழகாக வரைகிறார்கள். "சார், எந்த ஆப் நல்லது?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஆப் பற்றி அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். எதைப் பார்த்து வரைவது என்று கேட்டால், அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஓவியர் டிராட்ஸ்கி மருதுவைப் பாருங்கள் என்பேன்.

1953இல் மதுரையில் பிறந்தவர். தந்தை மருதப்பன் பொதுவுடைமை இயக்கத்தில் டிராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றியவர், அதனால் மகனுக்கு அந்த ரஷ்யப் புரட்சியாளரின் பெயர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார், நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். பத்திரிகைக் கதைகளுக்கு அவர் போட்ட கோட்டோவியங்களை உங்களில் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள். பாயும் குதிரை, முறுக்கிய உடம்பு, நிற்காத கோடு. கணினி என்றாலே நம்மவர்கள் தயங்கிய காலத்தில் அதைத் தூரிகையாகப் பிடித்த தமிழ் ஓவியர்களில் முன்வரிசைக்காரர். சினிமாவுக்கும் வேலை செய்தார், அனிமேஷனிலும் இறங்கினார்.

அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது "வாளோர் ஆடும் அமலை" என்ற ஓவியப் புத்தகம். பெயர் தொல்காப்பியத்தில் வரும் ஒரு துறை. போரில் எதிரி வேந்தன் யானையோடு வீழ்ந்து கிடக்கிறான். வென்றவனுடைய வீரர்கள், செத்தவனின் வீரத்தை மதித்து, அவனைச் சுற்றி வாளோடு ஆடுகிறார்கள். எப்பேர்ப்பட்ட காட்சி! அந்தப் புத்தகத்தில் மருது தமிழ் மன்னர்களைக் காலண்டரிலிருந்து இறக்கிவிட்டுப் புதிதாக வரைந்தார். துணியோடு பழகியவர் என்பதால்தான் ராஜாவின் உடை அவர் கண்ணை உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

வெல்வெட் அங்கி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாடகக் கொட்டகையிலிருந்து. பார்சி நாடகக் குழுக்களின் பகட்டு உடையை நம் கம்பெனி நாடகங்கள் எடுத்துக்கொண்டன. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு கடவுளும் ராஜாவும் வண்ணப்படமாக வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கைத்திறன் சாதாரணமில்லை. ஆனால் நாடக ராஜா படத்துக்குப் போய், படத்து ராஜா சினிமாவுக்குப் போய், கடைசியில் அதுவே சரித்திரம் என்று ஆகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது படத்தை, வரியைப் பிறகுதான். படம் பதிந்துவிட்டால் வாத்தியார் என்ன சொன்னாலும் அழியாது.

அப்படியென்றால் எதைப் பார்த்து வரைவது? நடுகல்லைப் பாருங்கள். நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் வட்டாரத்தில் கிடைத்தவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. இடுப்பில் சிறு துணி, கொண்டையாக முடிந்த தலைமுடி, ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள். அவ்வளவுதான் வீரன். எடுத்தனூர் நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். கள்வர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயரைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்: கோவிவன். 1400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு வழியில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிறகு தொல்லியல் துறையினர் மேலே இருந்ததைப் பழுதில்லாமல் பெயர்த்துத் தனியே மாட்டி, அடியில் இருந்ததையும் காப்பாற்றினார்கள். டேப்லெட்டில் வரையும் பிள்ளைகள் "லேயர்" என்று சொல்வார்களே, அதேதான். ஃபோட்டோஷாப்புக்கு அந்த வசதி வந்தது 1994இல். அந்தச் சோழர் ஓவியத்தில் கருவூர்த்தேவரோடு நிற்பவர்தான் ராஜராஜன் என்று பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் அவர் உடம்பில் வெல்வெட் இல்லை.

தஞ்சாவூர் தூரம் என்பவர்களுக்கு நம் விழுப்புரம் மாவட்டமே போதும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகையின் வாயில்காவலர் இருவர் இருக்கிறார்கள். பனமலையில் ராஜசிம்மன் காலத்துப் பார்வதி, தலைக்கு மேல் குடை, மடித்த ஒரு கால். சுவரில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதுவே மூச்சை நிறுத்தும். கீழ்வாலைப் பாறையில் செங்காவி மனிதர்கள், பறவை முகத்தோடு. குதிரை மேல் ஒருவன், படகில் சிலர். பாறைக்குப் பாதுகாப்பு போதாது. போகிறவர்கள் தொடாமல், சாக்பீஸால் கோடு போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

மருதுவின் வேகம் எனக்குச் சில படங்களில் அதிகம், முகம் பிடிபடாமல் போகும். ஆனால் அவர் சங்கப் பாட்டுக்கும் கல்லுக்கும் போய்விட்டுத் திரைக்கு வருகிறார். இப்போது நாலு வார்த்தை தட்டினால் இயந்திரமே சோழ ராஜாவை வரைந்து கொடுத்துவிடுகிறது. நானும் பேரப்பிள்ளையின் போனில் பார்த்தேன். அதே வெல்வெட் அங்கி, அதே மீசை. அது படித்ததெல்லாம் நம் காலண்டரும் சினிமாவும்தானே, வேறென்ன தரும்?

நம் கடற்கரைக்கும் ஒரு ராஜா உண்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன், சிறுபாணாற்றுப்படையின் தலைவன். அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனம். எயிற்பட்டினம் நம் மரக்காணம். அலை ஒதுக்கிய வாசனை மரங்கள் அந்தக் கரையில் ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடந்தன என்கிறார் நத்தத்தனார். பரதவர் வீட்டில் அதுதான் விறகு. அதே பாட்டில், கொற்கைப் பக்கத்தில், உமணர்களின் உப்பு வண்டியோடு ஒரு குரங்கும் வருகிறது. அவர்கள் பிள்ளை மாதிரியே வளர்ந்த குரங்கு. சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆக்கி, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட்டி விளையாடுகிறது.

உப்பு வண்டி, குரங்கு, முத்துக் கிலுகிலுப்பை. இதை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் வரைகிற பிள்ளை இருந்தால் இந்த இடத்தைப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் மரக்காணம் உப்பளத்துக்கும் கூட்டிப் போங்கள். காலை வெயில் ஏறுமுன் போனால்தான் கண் கூசாமல் பாத்திகளைப் பார்க்கமுடியும். வரைந்ததைக் கீழே கமென்ட்டில் போடுங்கள். வண்டிக்கு ரப்பர் டயர் போட்டிருந்தால் மார்க் குறைப்பேன்.